முகாமுக்கு அனுப்புமுன் விசாரித்தீர்களா?

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வரன் வந்துவிட்டால் நடக்கிற விசாரிப்பு இருக்கிறதே, சி.ஐ.டி. போலீஸ் தோற்றுவிடும்! மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்துக்கு ஓர் ஆள், அவர் டீ குடிக்கிற கடைக்கு ஓர் ஆள், அவருடைய அத்தை வாக்கப்பட்ட ஊருக்கு ஓர் ஆள் என்று போய் வந்துதான் மேற்கொண்டு பேச்சு. பால் மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மடியைத் தொட்டுப் பார்க்கிறோம். வாடகைக்குக் குடி வருகிறவர்களைக்கூட "எந்த ஊரு, யாரு மக்க?" என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

இவ்வளவு உஷாரான நாம், பள்ளிக்கூடத்திலிருந்தோ காலேஜிலிருந்தோ "ஏழு நாள் முகாம், தங்குமிடம், சாப்பாடு இலவசம்" என்று ஒரு தாள் வந்தால் என்ன செய்கிறோம்? "பெற்றோர் கையொப்பம்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, இரண்டு செட் துணியும் ஒரு டப்பா முறுக்கும் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றி விடுகிறோம். ஏழு ராத்திரி நம் பிள்ளை யார் பொறுப்பில் இருக்கப் போகிறாள்? அந்த மாஸ்டர் யார்? உதவிக்கு வருகிற 'தன்னார்வலர்' யார்? சமையல்காரர், வேன் டிரைவர் யார்? ஒன்றும் தெரியாது!

சகோதரிகளே, நான் முகாம்களுக்கு எதிரியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகாம் நல்லதுதான்!

நம் திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாள்கள் குறைவு. மணல் தெரிகிற நாள்கள்தான் அதிகம். கரிசல் காட்டில் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் போட்டு, மழை பொய்த்தால் கையைப் பிசைகிறவர்கள் நாம். டவுனுக்குள் தறியும் மில்லும்தான் பிழைப்பு. இந்த மண்ணில் ஒரு பெண் குழந்தை பத்தாம் வகுப்பு முடித்ததும் "மில்லுக்கு அனுப்பிரலாமா, கட்டிக் கொடுத்திரலாமா?" என்று பேசிய காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மதுரையில் ஒரு காலேஜ் வளாகத்தில் பத்து நாள் தங்கி, சோதனைச் சாலையைப் பார்த்து, லைப்ரரியில் உட்கார்ந்து படித்து, நாலு ஊர்ப் பிள்ளைகளோடு பழகுவது எவ்வளவு பெரிய விஷயம்! "நாமும் இங்கே வந்து படிக்கலாம்" என்ற ஆசை அங்கேதான் முளைக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டத்தை எல்லோருக்கும் தெரியும். காந்திஜி நூற்றாண்டு வருஷமான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி ரோடு போடுவதும், மரம் நடுவதும், சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அதில்தான். 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது, சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அதே ஊரைச் சேர்ந்தவர்கள். கொரோனாவில் எழுத்தை மறந்துபோன எத்தனை பிள்ளைகள் அவர்களால் மறுபடி படித்தார்கள்!

ஆகவே தன்னார்வலர் என்றாலே சந்தேகப்பட வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தங்கமானவர்களாகவே இருக்கட்டும். ஆனால் வெளுத்ததெல்லாம் பாலில்லையே! பிள்ளைகளிடம் தப்பு நோக்கத்தோடு நெருங்க நினைக்கிறவன் எங்கே போவான்? பிள்ளைகள் கூடுகிற இடத்துக்குத்தான் போவான். அதுவும் சிரித்த முகத்தோடு, உதவி செய்கிற கையோடு போவான். அதனால்தான் விசாரிப்பு வேண்டும் என்கிறேன்.

கிருஷ்ணகிரியில் நடந்தது

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. 17 மாணவிகள் பள்ளிக் கட்டடத்திலேயே ராத்திரி தங்கினார்கள். பயிற்சியாளர் என்று வந்தவன் ஒரு சிறுமியிடம் பாலியல் கொடுமை செய்துவிட்டான். விஷயம் பள்ளிக்குத் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மூடி மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பெற்றோர் புகார் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தது. அவனோடு சேர்த்துப் பள்ளி முதல்வரும், தாளாளரும்கூடக் கைதானார்கள். முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவன் வழக்கு முடியுமுன்பே இறந்துபோனான். தமிழக அரசு ஐ.ஜி. தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது.

இதில் என் நெஞ்சை அறுத்த விஷயம் என்ன தெரியுமா? அந்தப் பள்ளியில் என்.சி.சி.யே கிடையாது! அந்த ஆளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று என்.சி.சி. அமைப்பே சொல்லிவிட்டது. அதே போலிப் பெயரில் வேறு பள்ளிகளிலும் அவன் முகாம் நடத்தியது விசாரணையில் தெரிந்தது. காக்கி உடுப்பு, விசில், அட்டென்ஷன்... இவ்வளவுதான் அவன் முதலீடு!

என்.சி.சி. 1948-ல் ஏற்பட்ட அமைப்பு. ராணுவ அமைச்சகத்தின் கீழ் உள்ளது. ஒவ்வொரு பள்ளிப் பிரிவும் ஏதோ ஒரு பட்டாலியனைச் சேர்ந்திருக்கும். பள்ளியிலேயே வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர் அதற்குப் பொறுப்பாக இருப்பார். "எந்தப் பட்டாலியன் சார்? அவங்க ஆபீஸ் கடிதத்தைப் பார்க்கலாமா?" என்று பெற்றோரில் ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும், குட்டு உடைந்திருக்கும்.

நம் ஊர்ப் பாடம்

"கிருஷ்ணகிரி எங்கேயோ இருக்கு மதினி" என்று அடுத்த வீட்டு அக்கா சொன்னார். எங்கேயோ இல்லை. 2018-ல் நம் அருப்புக்கோட்டையிலேயே ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியை, தன்னிடம் படித்த மாணவிகள் நாலு பேரிடம் போனில் பேசிய பேச்சை நாடே கேட்டுத் தலைகுனிந்தது. மார்க் கிடைக்கும், பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டி, பெரிய இடத்து ஆண்களுக்கு இணங்கச் சொன்ன பேச்சு அது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் விரைவு நீதிமன்றம் அவருக்குப் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கூடக் குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவரும் விடுதலையானார்கள்.

இந்த வழக்கிலிருந்து தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, "பொம்பளை டீச்சர் கூடப் போறாக, பயமில்லை" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இரண்டு, அந்த நாலு பெண்களின் தைரியம். ஆசை காட்டியும் மசியவில்லை. பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். நம் கரிசல் மண்ணில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தெளிவு இருந்தது என்று நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

சட்டம் நம் பக்கம்

"இதையெல்லாம் கேக்க நமக்கு உரிமை இருக்கா?" என்று தயங்க வேண்டாம். 2012-ல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் எல்லோருக்கும் பாதுகாப்புத் தருகிறது. அதன்கீழ் 2020 மார்ச்சில் வந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பிள்ளைகள் தங்குகிற, அல்லது பிள்ளைகளோடு அடிக்கடி தொடர்பு உள்ள எந்த நிறுவனமானாலும், அது பள்ளியோ, குழந்தைகள் காப்பகமோ, விளையாட்டுப் பயிற்சிக் கூடமோ, அங்கே பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் போலீஸ் விசாரிப்பும் பின்னணி விசாரிப்பும் செய்திருக்க வேண்டும். பாடம் நடத்துகிறவர், நடத்தாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதமே கிடையாது. ஒரு தடவை செய்தால் போதாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும்.

இதில் 'ஊழியர்' என்றுதான் இருக்கிறது. சம்பளமில்லாமல் வருகிற தன்னார்வலர் இந்த வலையில் சிக்காமல் நழுவிவிடுவது சுலபம். முகாம்களில் பிள்ளைகளோடு ரொம்ப நேரம் இருப்பதோ அவர்கள்தான்! அதனால், "சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எல்லோருக்கும் விசாரிப்பு வேண்டும்" என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பாலியல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பட்டியல் ஒன்றை மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. ஆனால் அதைப் போலீசாரும் விசாரணை அமைப்புகளும்தான் பார்க்க முடியும். நானும் நீங்களும் பார்க்க முடியாது. ஆகவே போலீஸ் மூலமாக விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தமிழ்நாடு காவல்துறையில் இதற்கென்றே சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. இணையம் வழியாகவே மனுச் செய்யலாம். பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு இது புதிதில்லை. "என்னை எப்படி போலீஸ் விசாரிக்கலாம்?" என்று பாஸ்போர்ட்டுக்கு யாராவது கோபித்துக் கொள்கிறார்களா?

சர்டிபிகேட் இருந்தால் போதுமா?

போதாது! இதை நன்றாக மனத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். வெளிநாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் சோஹம் என்ற ஊரில் 2002 ஆகஸ்டில் 10 வயதுச் சிறுமிகள் இருவரை ஒருவன் கொன்றான். அவன் அந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். அவன் முன்பு இருந்த பகுதியில் அவன்மேல் எத்தனையோ புகார்கள் போலீசுக்குப் போயிருந்தன. ஒன்றிலும் தண்டனை இல்லை. அவன் வேறு பெயரில் இந்த வேலைக்கு வந்தான்; பழைய ஊர்த் தகவல் புது ஊருக்கு வந்து சேரவில்லை. பிறகு ஒரு விசாரணைக் குழு போட்டு, 2004-ல் அறிக்கை வாங்கி, பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களை விசாரிக்கும் முறையையே அந்த நாட்டில் மாற்றி அமைத்தார்கள்.

அடுத்தது அமெரிக்கா. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி சாண்டஸ்கி என்று பேர் பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர். ஏழைப் பையன்களுக்காக 1977-ல் ஒரு தொண்டு நிறுவனமே ஆரம்பித்தவர். ஊரெல்லாம் கையெடுத்துக் கும்பிட்ட மனுஷன்! 2011-ல் கைதானார், 2012-ல் 45 குற்றங்கள் நிரூபணமாயின. அத்தனையும் சிறுவர்களிடம் செய்த கொடுமைகள். அதற்கு முன்னால் அவர் எந்த வழக்கிலும் தண்டிக்கப்பட்டவர் இல்லை. தண்டனைப் பதிவை மட்டும் பார்த்திருந்தால் 'நல்லவர்' என்றுதான் தாள் வந்திருக்கும்! சிலர் அரைகுறையாகத் தெரிந்தும், "பல்கலைக்கழகத்தின் பேர் கெட்டுவிடுமே" என்று போலீசுக்குப் போகாமல் விட்டார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் 2014-ல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர்களுக்கும் விசாரிப்பைக் கட்டாயமாக்கியது.

ஆக, போலீஸ் சர்டிபிகேட் என்பது அரிசியைப் புடைக்கிற முறம் மாதிரி. உமியும் தவிடும் போகும், கல் தங்கிவிடும். அதற்காக முறத்தைத் தூக்கிப் போடுகிறோமா? புடைத்த பிறகு கல்லும் பொறுக்குகிறோம் இல்லையா? அந்தக் கல் பொறுக்குகிற வேலை முகாமின் ஏற்பாடுகளில் இருக்கிறது. எவனாக இருந்தாலும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க வழியில்லாதபடி ஏற்பாடு இருந்தால், வந்தவன் கெட்டவனாகவே இருந்தாலும் அவனுக்குச் சமயம் கிடைக்காது.

நாங்கள் நாலு பேர் போனோம்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கோடை விடுமுறையில் வெளியூர்க் கல்லூரி வளாகத்தில் பத்து நாள் அறிவியல் முகாம் என்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வீட்டில் இரண்டு கட்சி! "பொம்பளப் புள்ளய ராத்தங்க அனுப்பணுமாக்கும்? ஒண்ணும் வேணாம்" என்று அத்தை. "கவர்மென்ட்டு சம்பந்தப்பட்டது, ஒண்ணும் ஆகாது" என்று இவர். மகள் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாளை மட்டும் நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதும், கண்ணை மூடிக்கொண்டு சரி என்பதும் இரண்டுமே சுலபம். நடுவில் ஒரு வழி இருக்கிறதே!

அந்த முகாமுக்குப் போகிற பிள்ளைகளின் தாய்மார் நாலு பேர் சேர்ந்து, பொறுப்பாசிரியரைப் பார்க்கப் போனோம். தனியாகப் போனால் 'சண்டைக்காரி' என்பார்கள். நாலு பேராகப் போனால் 'பெற்றோர்' என்பார்கள்!

முதலில் அவருக்குக் கோபம்தான். "எங்களைச் சந்தேகப்படுறீங்களாம்மா?" என்றார்.

"உங்களைச் சந்தேகப்படலை சார். உங்களை எங்களுக்குத் தெரியும். நீங்க கூட்டிட்டு வார ஆளுகளை எங்களுக்குத் தெரியாதே" என்றேன். கூட வந்த திருச்சுழி அக்கா, "எங்க தறிக்கு நூல் வாங்குனாக்கூட எந்த மில்லு நூலுன்னு கேப்போம் சார். இது புள்ள!" என்றார். மனிதர் சிரித்துவிட்டார். கோபம் போயிற்று.

உட்கார வைத்துப் பட்டியல் எழுதினார். வாத்தியார்கள் மூவருக்கும் போலீஸ் விசாரிப்பு முடிந்திருந்தது. உதவிக்கு வருகிற பழைய மாணவர்கள் இருவருக்கும், வேன் டிரைவருக்கும் ஒன்றுமே இல்லை. "வாலண்டியர்தானே என்று விட்டுட்டோம்" என்று அவரே சொன்னார். முகாமுக்கு இன்னும் நாள் இருந்ததால் மனுப் போட்டு வாங்கினார்கள். ராத்திரி மாணவிகள் தங்கும் பக்கத்தில் ஓர் ஆசிரியையோடு இன்னொரு ஆசிரியையும் தங்குவது என்று ஆயிற்று. எங்கள் மனத்தாங்கலும் தீர்ந்தது. மகள் போனாள், பத்து நாள் இருந்தாள், வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை!

என்னென்ன கேட்கலாம்?

இதை வெட்டி எடுத்து ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முகாமை நடத்துவது யார்? என்.சி.சி. என்றால் எந்தப் பட்டாலியன்? நாட்டு நலப்பணித் திட்டம் என்றால் எந்தக் கல்லூரி, திட்ட அலுவலர் யார்? அவர்கள் அலுவலகக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

2. பிள்ளைகளோடு பழகப் போகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர்? வாத்தியார், தன்னார்வலர், சமையல்காரர், டிரைவர், போட்டோகிராபர், வாட்ச்மேன் எல்லோரும் கணக்கில் இருக்க வேண்டும்.

3. ஒவ்வொருவருக்கும் போலீஸ் விசாரிப்பு எந்தத் தேதியில் முடிந்தது? அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரில்தானே விசாரித்தார்கள்?

4. இதற்குமுன் அவர் எங்கே வேலை பார்த்தார்? ஏன் விட்டார்? அந்த இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டீர்களா? போலீசில் பதியாத பல விஷயங்கள் அந்த ஒரு போனில் தெரியும்.

5. ராத்திரி பெண் பிள்ளைகளோடு தங்கும் ஆசிரியைகள் யார்? கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? கழிப்பறை எவ்வளவு தூரம், வழியில் விளக்கு உண்டா?

6. பெரியவர் எவரும் ஒரு பிள்ளையைத் தனி அறைக்கோ, தனி வண்டியிலோ அழைத்துப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறதா?

7. தினம் ஒரு தடவை பிள்ளை எங்களோடு பேச முடியுமா? நாங்கள் சொல்லாமல் வந்து பார்க்கலாமா? "முகாம் முடியும்வரை பெற்றோர் வரக் கூடாது" என்றால் ஏன் என்று கேளுங்கள்.

8. குறை இருந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்? 1098 என்ற எண் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நல்ல நிர்வாகம் தயங்காது. "இதெல்லாம் கேட்டா உங்க பிள்ளையை அனுப்ப வேண்டாம்" என்று எவர் சொன்னாலும், அந்தப் பதிலே போதும். அங்கே அனுப்பாதீர்கள்!

பையன்களைப் பெற்றவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். "ஆம்பளப் பையன்தானே" என்ற அலட்சியம் வேண்டாம். மேலே சொன்ன அமெரிக்கச் சம்பவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் நம் ஊருக்கே வந்தால்? அப்போதும் இதேதான். பகலில் மரம் நட்டுவிட்டு, சாயங்காலம் நம் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லித் தரட்டும், சந்தோஷம். அது கோயில் திடலிலோ, பள்ளி முற்றத்திலோ, நாலு பேர் பார்க்கிற இடத்தில் நடக்கட்டும். ஊர்ப் பெண்கள் இருவர் முறை வைத்துக் கூட உட்காரலாமே! பூக் கட்டிக்கொண்டே உட்காரலாம்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டியது

ஊருக்குக் கிளம்பும் அன்று வாசலில் நின்று சொல்கிற பேச்சில்லை இது. நாலு நாள் முன்னாலேயே, தலை பின்னிக்கொண்டே மெதுவாகச் சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டாம்.

"உன் உடம்பு உன்னுது. யார் தொட்டாலும் பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லு. சார்னாலும் சரி, மிஸ்ஸுன்னாலும் சரி."

"அம்மாகிட்டச் சொல்லாதேன்னு யார் எதைச் சொன்னாலும், அதைத்தான் முதல்ல என்கிட்டச் சொல்லணும்."

"என்ன நடந்தாலும் உன்னைத் திட்ட மாட்டேன், படிப்பையும் நிறுத்த மாட்டேன்."

இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பல விஷயங்களை மறைப்பது வெட்கத்தினால் மட்டுமல்ல. "வீட்ல சொன்னா நாளையிலேருந்து பள்ளிக்கூடம் போக விடமாட்டாக" என்ற பயம்தான் பெரிது. தப்பு செய்தவன் வெளியே நடமாட, நம் பிள்ளை வீட்டுக்குள் அடைபடுவதா?

நானும் என் மகளும் ஓர் அடையாள வார்த்தை வைத்துக்கொண்டோம். போனில் பக்கத்தில் யாராவது நின்றால் மனம் விட்டுப் பேச முடியாதில்லையா? "அம்மா, மல்லிச் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டால், "உடனே வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அர்த்தம். அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பத்து நாளும் எனக்குத் தூக்கம் வந்தது அதனால்தான்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால்?

முதலில், பிள்ளை சொல்வதை நம்புங்கள். "உண்மையாத்தான் சொல்றியா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டுப் புண்ணைக் கிளறாதீர்கள். 1098-க்கோ, பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டம். மறைத்தால் தண்டனை உண்டு. நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் தன்கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளிக்கூடத்து மானம் போயிரும், உங்க பொண்ணு வாழ்க்கையும் போயிரும்" என்று சமாதானம் பேச வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வந்த வழியே போவார்கள். நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் சட்டத்தில் நடவடிக்கை வராது.

போலீஸ் என்றதும் பயப்பட வேண்டாம். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்க மாட்டார்கள். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, காக்கி உடுப்பு இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது விதி. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பேரையோ, போட்டோவையோ, ஊரையோ பத்திரிகையில் போடக் கூடாது.

நாமே செய்யலாம்!

கல்வி உரிமைச் சட்டப்படி அமைகிற பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அதாவது நாம்தான்! அடுத்த கூட்டத்தில் சத்துணவு, கழிப்பறை, காம்பவுண்டுச் சுவர் இவற்றோடு இதையும் ஒரு பொருளாக வையுங்கள். "நம் பள்ளியிலிருந்து எந்த முகாமுக்குப் பிள்ளைகள் போனாலும், எந்த முகாம் நம் பள்ளிக்கு வந்தாலும், பிள்ளைகளோடு பழகும் எல்லோரின் விசாரிப்புத் தாளையும் பார்த்த பிறகே அனுமதி" என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் பெற்றோர் கூட்டத்தில் இதையே கேளுங்கள். மகளிர் குழுவில் வாராவாரம் சந்திக்கிறோமே, அங்கேயும் ஐந்து நிமிஷம் பேசலாம்.

கேட்டுக் கேட்டுத்தான் எதுவும் வழக்கமாகும். பத்து ஊர்த் தாய்மார் கேட்டால் பதினோராவது ஊரில் கேட்காமலேயே தாளை எடுத்து நீட்டுவார்கள். விசாரித்து, திருப்தியானால் தைரியமாக அனுப்புங்கள். நம் கரிசல் காட்டுப் பெண்கள் நாலு ஊர் பார்த்து, நாலு விஷயம் கற்று, தலை நிமிர்ந்து திரும்பி வரட்டும்!